சாம்பல் பச்சை

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழா பந்தோபஸ்துக்கென்று ஊரில் வந்திறங்கிய போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் அப்பாவைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் நம்பினேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு எருமை மாட்டை இடித்ததற்கு இத்தனை லாரி போலீஸா என்ற சந்தேகம் எனக்கும் வரத்தான் செய்தது. ஆனாலும் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதை முழுதாகச் சொல்ல வேண்டுமானால் சித்தப்பாவின் மாடி அறையிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. சென்னையில் இன்ஜினியராக இருந்தவர் ஒரு நாள் பெட்டி படுக்கையோடு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து, இனிமேல் கார் மாடல் செய்து விற்கப்போவதாகச் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் படித்து டீச்சராகவும் நர்ஸாகவும் ஆனவர்கள். படித்த பிறகு பொம்மை செய்யப்போனவர் இவர் ஒருவர்தான் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வேதக்கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். அப்பா மட்டும், "செய்யட்டும். மாடி சும்மாதான கெடக்கு" என்றார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஒன்றைச் சரி என்று சொல்லிவிட்டால் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பொம்மை என்று சொன்னால் சித்தப்பாவுக்குப் பிடிக்காது. நிஜக் காரை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, கதவு, கண்ணாடி, ஸ்டியரிங், டயரின் கோடு வரை அப்படியே செய்வார். முதன்முதலாக வாங்கிய காரை, அல்லது இறந்துபோன தகப்பனார் ஓட்டிய காரை அலமாரியில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ போனில் பேசுவார்கள். வடிவத்தை யாரும் குறை சொன்னதில்லை. சண்டையெல்லாம் நிறத்தில்தான் வரும். ராயகிரியிலிருந்து ஒரு பெரியவர் தன்னுடைய முதல் கார் கிளிப்பச்சை என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி அது நீலம் என்றார். இரண்டு பேரும் எங்கள் மாடிப்படியில் நின்று ஐம்பது வருஷத்துச் சண்டையையெல்லாம் போட்டு முடித்துவிட்டு, கார் வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

"போட்டோவ நம்பவே கூடாது, மக்கா" என்பார் சித்தப்பா. "கேமரா ஒரு கலரச் சொல்லும். பிரிண்ட் போட்டவன் ஒரு கலரச் சொல்லுவான். கார்க்காரரு மூணாவதா ஒண்ணு சொல்லுவாரு."

அதனால் அவர் நிஜக் கார் எங்கே கிடைத்தாலும் போய்ப் பார்ப்பார். கூரையையும் பேனட்டையும் பார்க்க மாட்டார், அதெல்லாம் வெயிலில் வெளுத்திருக்கும். கதவைத் திறந்து அதன் ஓரத்தையும், பெட்ரோல் மூடியின் உட்பக்கத்தையும் பார்ப்பார். பிறகு மாடிக்கு வந்து பெயிண்டைக் கலந்து, ஐஸ்கிரீம் தின்கிற வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில் ஒவ்வொன்றாக அடித்துக் காயவைப்பார். ஒன்றில் வெள்ளை ஒரு சொட்டு கூட, ஒன்றில் கறுப்பு ஒரு சொட்டு கூட. கம்பெனி பெயிண்டையே வாங்கி அடித்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, பெரிய கார் மேல் இருக்கும் நிறம் சின்னக் கார் மேல் இருட்டாகத் தெரியும், கொஞ்சம் வெளுப்பாக்கினால்தான் கண் அதை அதே நிறமென்று ஒத்துக்கொள்ளும் என்றார். ஸ்பூன்களைக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். எது சரி என்று சொல்வது என் வேலை. டியூப்லைட்டில் பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். என் கண் நல்ல கண் என்று அவர் யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து, நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சேலையைக்கூட கதவோரம் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் சித்தப்பா அப்பாவுக்காக ஒன்று செய்துகொண்டிருந்தார். எங்கள் காரையே.

அப்பா அதை நாகர்கோவிலில் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியிருந்தார். அகத்திக் கீரையின் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவியது போல ஒரு நிறம். கம்பெனிக்காரன் அதற்கு ஏதோ கடல், பனி என்று பெயர் வைத்திருந்தான். எங்கள் வீட்டில் அது சாம்பல் பச்சை. அந்த நிறத்தில் எங்கள் ஊரில் வேறு கார் இல்லை. கடைத்தெருவில் அது நின்றால், சார் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை உண்டு. மற்றபடி பெருமை பாவம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

இந்த நிறம் சித்தப்பாவைப் பாடாய்ப் படுத்தியது. கூரை ஒரு மாதிரி, கதவோரம் ஒரு மாதிரி. அதோடு முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு மட்டும் மயிரிழை இருட்டாக இருந்தது. பழைய சொந்தக்காரர் எங்கோ இடித்து, அந்த இடத்தை மட்டும் திரும்ப அடித்திருக்கிறார். அடியில் துருப்பிடிக்காமலிருக்க அடிக்கும் ரெட் ஆக்ஸைடு, மேலே பச்சை. சித்தப்பா அதையும் விடவில்லை. மாடலிலும் அந்தத் தகட்டை மயிரிழை இருட்டாகவே அடித்தார். ஸ்பூன்கள் சுவர் முழுக்க நின்ற ஒரு காலையில் நான் ஒன்றைக் காட்டி "இதான்" என்றபோது அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆமா, இதான்" என்றார். மாடல் முடிந்தது. தூசி விழாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடிவைத்தார். அப்பா வந்து பார்த்து, குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்து, "நான் உள்ள உக்காந்திருக்கலியேடே" என்று சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்கடுத்த வாரமோ என்னவோ, அப்பா மட்டும் கோவில்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் திரும்பினார். வழக்கமாக கேட் முன்னால் ஹாரன் அடிப்பார், நான் ஓடிப்போய்த் திறப்பேன். அன்று ஹாரன் கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவரே இறங்கி கேட்டைத் திறந்து, காரை ஷெட்டுக்குள் விட்டு, பின்பக்கம் கிடந்த தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். மழைக்குக்கூட அதை மூட மாட்டார்.

"என்னாச்சு?" என்றாள் அம்மா.

"இளையரசனேந்தல் தாண்டி ஒரு எரும குறுக்க வந்துட்டு."

"அய்யோ. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல. யாரும் அந்தப் பக்கம் போவாண்டாம்."

சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கும் வரவில்லை. வேத பாடம் வாசிக்கும் முறை அவருடையது. காய்ச்சல் என்றார். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. என் கையை எடுத்து மெல்ல அப்பால் வைத்தார். அதிலிருந்துதான் எனக்கு பயம் பிடித்தது. அப்பா அதட்டியிருந்தால்கூட பயந்திருக்க மாட்டேன்.

யாரும் போகக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு நான் மத்தியானம் போனேன். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன். இடது விளக்கு உடைந்திருந்தது. சக்கரத்துக்கு மேலே தகடு உள்வாங்கி, பெயிண்ட் பெயர்ந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தது. எருமையின் ரத்தம் என்று நினைத்தேன். காய்ந்து ஒட்டிக்கொண்ட ரத்தம். தார்ப்பாயை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சித்தப்பா என்னோடு இறங்கி வந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "ரத்தமில்ல, மக்கா. ரெட் ஆக்ஸைடு." எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். பயத்தில் அந்த நல்ல கண் எங்கே போனதோ. அவர் உடனே எழுந்திருக்கவில்லை. உள்வாங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்து, அளவு பார்ப்பது போல அப்படியே குந்தியிருந்தார். பிறகு தார்ப்பாயை இழுத்து விட்டார்.

"எரும செத்துப்போயிருக்குமா சித்தப்பா?"

அவர் படியேறி மாடிக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் விடிவதற்குள் யாரோ ஒரு மெக்கானிக் வந்து காரை எடுத்துக்கொண்டு போனான். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அது வெள்ளையாக இருந்தது.

ஷெட்டில் வேறு யாருடைய காரோ நிற்பது போலிருந்தது. அப்பா என்னை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"யாராவது கேட்டா, நம்ம கார் வெள்ளன்னு சொல்லணும். என்ன?"

"முன்னாலயும் வெள்ளையான்னு கேட்டா?"

அப்பா என்னைப் பார்க்காமல், "ம்" என்றார்.

பத்துக் கட்டளைகளையும் தவறில்லாமல் ஒப்பித்ததற்காக நான் ஞாயிறு பள்ளியில் ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருந்தேன். அந்தக் கட்டளைகளை எனக்கு மனப்பாடம் செய்வித்தவர் இந்த "ம்" சொன்னவர். எருமையைக் கொல்வது எந்தக் கட்டளையில் வரும் என்று மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றிலும் வரவில்லை. அப்படியானால் எதற்குப் பொய்?

ஆனால் ஊர் எங்களைப் பொய் சொல்லக்கூட விடவில்லை. யாரும் கவனிக்கக்கூடாது என்று வெள்ளையடித்த காரை ஊரே கவனித்தது. பால்காரர், "என்ன சார், வண்டிக்கு வெள்ளையடிச்சாச்சா, வீட்டுக்கு எப்போ?" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வாத்தியார்கள், பச்சைதான் லட்சணமாக இருந்தது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஏன் பார்த்தோம் என்றிருக்கும். கேட் பக்கம் பைக் நின்றால் அம்மா கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். பைக் கிளம்பிய பிறகுதான் கரண்டி அசையும். முன்பக்க ஜன்னலைப் பகலிலும் சாத்தினார்கள்.

ஒரு சாயங்காலம் அப்பா மாடிக்கு வந்தார். நான் தரையில் உட்கார்ந்து ஸ்பூன்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் மாடலை மூடியிருந்த டப்பாவைத் தூக்காமல், அதைக் கையால் காட்டி மட்டும் சொன்னார்.

"அதையும் வெள்ளையாக்கிருல."

"ஏண்ணே? ஒரிஜினல் கலரு இதுதான?"

"வண்டிதான் வெள்ளையாயிட்டுல்லா. அப்ப ஒரிஜினலும் வெள்ளதான்."

சித்தப்பா துணியால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு, "மாடு என்ன கலருண்ணே?" என்று கேட்டார்.

அவர் எதைப் பற்றியும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. எருமை கறுப்பாகத்தானே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

"இருட்டிட்டுல்லா… கவனிக்கல" என்றார் அப்பா. இறங்கிப் போகும்போது படியில் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா அந்த மாடலைத் தொடவே இல்லை.

இந்த நிலையில்தான் தபசு வந்தது. எங்களுக்குத் திருவிழா இல்லையென்றாலும் ஊருக்கு அதுதான் திருவிழா. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் வந்து நெருக்கித் தள்ளும். அவர்களுக்கு முன்பே போலீஸ் வந்தது. முக்குக்கு முக்கு காக்கிச் சட்டை. நான் பள்ளிக்கூடம் விட்டுத் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். என் முகத்தைப் பார்த்தாலே இவள் அந்தக் காரின் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது.

தபசுக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் கேட்டைத் தட்டியது ஒரு போலீஸ்காரர். அப்பா கூடத்திலிருந்து எழுந்து, ஓடாமல், ஆனால் ஓடுவதைப் போலவே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே வாசலுக்குப் போனேன்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? வெயிலு கொல்லுது."

அம்மா செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதே பாதி தரையில் சிந்தியது. அவர் அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டு ஷெட்டைப் பார்த்தார்.

"புது வண்டியா?"

"ஆமா" என்றாள் அம்மா.

"வெள்ள நல்லதுதான். வெயிலுக்குச் சூடேறாது."

செம்பைத் திருப்பித் தந்துவிட்டு அவர் போனார். அம்மா கேட்டைச் சாத்தி அதிலேயே சாய்ந்து நின்றாள். அப்பா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்த பிறகும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாத்ரூமில் ஒளிந்த அப்பாவை நான் பார்த்துவிட்டேன் என்பது, போலீஸ் வந்ததைவிடப் பயமாக இருந்தது.

திருவிழா முடிந்தது. லாரிகள் போலீஸை ஏற்றிக்கொண்டு கிளம்பின. நான் கட்டிலில் முகம் புதைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, நான் மாடியில் இருந்தபோது வெளிப்பக்கப் படியில் யாரோ தயங்கித் தயங்கி ஏறும் சத்தம் கேட்டது. வந்தவர் வயதானவர் என்று சொல்ல முடியாது, ஆனால் வெயிலில் வற்றியிருந்தார். தோளில் துண்டு. ஆடுகளுக்குக் கிளையை வளைத்துப் பிடிக்கும் தொரட்டியை வாசலுக்கு வெளியே சாய்த்துவைத்துவிட்டு, கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

"கார் கலரெல்லாம் பாத்துச் சொல்லுத தம்பி நீங்கதானா?"

"ஆமா அண்ணாச்சி. இங்கன உக்காருங்க. யாரு சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒர்க்‌ஷாப்புல. கோயில்பட்டியிலயும் எல்லா ஒர்க்‌ஷாப்பும் ஏறி எறங்கிட்டேன்."

நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே விரல் நக அளவில் ஒரு சில்லு. சித்தப்பா அதை வாங்கி மேஜைமேல் வெள்ளைத் தாளில் வைத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சம்தான். வெயில் வேண்டியிருக்கவில்லை.

சாம்பல் பச்சை. மயிரிழை இருட்டான சாம்பல் பச்சை. சித்தப்பா இடுக்கியால் மெல்லத் திருப்பினார். பின்பக்கம் சிவப்பு.

"எங்கன கெடச்சது அண்ணாச்சி?" சித்தப்பா இடுக்கியைக் கீழே வைத்தார்.

"எம் பொஞ்சாதி சேலையில ஒட்டியிருந்துச்சு, தம்பி." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இளையரசனேந்தலுக்கு மேக்க ஆட்டப் பத்திக்கிட்டு வாரோம். நான் முன்னால, அவ பின்னால. சத்தம் கேட்டுத் திரும்புதேன், அவ பள்ளத்துல கெடக்கா. ரெண்டு ஆடும் கெடக்கு. வண்டி போயிட்டு. தூசிதான் தெரிஞ்சுது. நல்ல வெளிச்சம் தம்பி அப்போ. பாத்திருப்பான். பாக்காம இருக்க முடியாது."

"போலீஸ்ல?"

"சொன்னேன். இத வச்சு என்னத்தவே கண்டுபிடிக்கன்னு கேட்டாவ. அதான் நானே கேட்டுக்கிட்டு அலையுதேன்."

எருமை. எருமை என்று அப்பா சொன்னார். என் கண் தானாக அந்த டப்பாவுக்குப் போனது. பார்க்கக்கூடாது, நான் பார்த்தால் அவரும் பார்ப்பார் என்று கண்ணை இழுத்துக்கொண்டேன். மறுபடியும் அங்கேயே போனது. சித்தப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடாதீர்கள், சொல்லிவிடாதீர்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

சித்தப்பா எழுந்துபோய் டப்பாவைத் தூக்கினார். காரை உள்ளங்கையில் எடுத்துவந்து சில்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த மனிதர் முழங்காலில் எழும்பிப் பார்த்தார். சில்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார். இடது சக்கரத்துக்கு மேலே விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இது யாரு வண்டி, தம்பி?"

சித்தப்பா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். "மக்கா, கீழ போயி அப்பாவக் கூப்பிடு. சும்மா கூப்பிடாத. யாரு வந்திருக்காவ, எதுக்கு வந்திருக்காவன்னு சொல்லியே கூப்பிடு."

அந்தப் படிகளில் நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கால் முழுக்க வேர்த்து ரப்பர் செருப்பு வழுக்கியது மட்டும் தெரிகிறது. அப்பா கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்திருக்கிறார், அவர் மனைவியைக் கார் இடித்துவிட்டதாம், பெயிண்ட் சில்லு கொண்டுவந்திருக்கிறார், சித்தப்பா கூப்பிடுகிறார். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து, "பின்னால வழியாப் போயிருங்க. எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அப்பா பின்வாசலைப் பார்த்தார். அது திறந்துதான் கிடந்தது. கொடியில் அவருடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது. போய்விடுங்கள் என்று நானும் வேண்டிக்கொண்டேன். அவர் பேனாவை மூடினார். கொடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து, பனியன்மேல் போட்டு, கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டார். பிறகு மாடிப்படியில் ஏறினார்.

நானும் பின்னாலேயே போனேன்.

அந்த மனிதர் எழுந்து நின்றார். வாத்தியார் என்று தெரிந்திருக்க வேண்டும், கை பழக்கத்தில் கும்பிடப் போய் பாதியில் நின்றது. அப்பா அவரைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அங்கே அவருடைய கார் நின்றிருந்தது, பழைய நிறத்தில். நான் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தேன்.

"அவங்க… உசுரோட இருக்காவளா?" என்று கேட்டார் அப்பா.

அந்த மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது.

"இருக்கா" என்றார். "கோயில்பட்டி ஆசுபத்திரியில கெடக்கா. காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சிட்டு. இடுப்பும் போச்சு."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தொரட்டி வாசலில் இருந்தது. அவர் அதை எடுப்பார், அப்பாவை அடிப்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நிக்கல, சார்?"

"பயந்துட்டேன்" என்றார் அப்பா.

எங்கள் அப்பா பயப்படுவார் என்று யாராவது அதுவரை சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பாத்ரூமில் ஒளிந்ததைப் பார்த்த பிறகும்கூட அதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்றுதான் வைத்திருந்தேன். அவரே தன் வாயால் சொன்னபோது சட்டை நுனியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேரும் ஆட்டோவில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அப்பாவும் அந்த மனிதரும் பின்னால், சித்தப்பா டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு. தொரட்டி ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா கூடத்தில் முழங்காலில் நின்றாள். ஜெபத்துக்கு வார்த்தை கிடைக்காமல், "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பா ஜாமீனில் திரும்பி வந்தார். வந்து குளித்துவிட்டு, பசிக்கிறது என்றார். அம்மா அழுதுகொண்டே சோறு போட்டாள். அவர் ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கார் இடித்த நாளிலிருந்து அவர் அப்படிச் சாப்பிட்டு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜெயிலுக்குப் போகப்போகிறவருக்கு எப்படிப் பசிக்கும்?

ஜெயிலுக்குப் போகவில்லை. கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. அபராதம் கட்டினார். லைசென்ஸைக் கொஞ்ச காலம் பிடுங்கிவைத்தார்கள், வேலையிலிருந்தும் நிறுத்திவைத்தார்கள். கோயிலில் வேத பாடம் வாசிக்க அவரை அழைப்பதை யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அப்பா ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அந்த அம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பிறகு ஒரு நாள், "அன்னைக்கு எறங்கி வந்து ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாம்லா சார்" என்று மட்டும் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அப்பா குலுங்கி அழுதார். அந்த அம்மாள் பிறகு கம்பை ஊன்றி நடந்தார். ஆட்டுக்குப் பின்னால் போக முடியவில்லை.

நான் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தன் அண்ணனையே, சோறு போட்ட அண்ணனையே பிடித்துக்கொடுத்த மனுஷன் என்று சித்தப்பாவை வெறுத்தேன். அந்த டப்பாவைத் தூக்காமல் இருந்திருந்தால் போதும். தெரியாது அண்ணாச்சி என்ற இரண்டு வார்த்தை போதும். சொந்தங்களும் கிட்டத்தட்ட இதையேதான் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் நான் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் இறங்கி வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

"மேல வாரதே இல்லையே, மக்கா?"

"நீங்கதான் அப்பாவ மாட்டிவிட்டீங்க. நீங்கதான் சொன்னீங்க."

"நானா? நான் ஒண்ணும் சொல்லலியே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. ஏதோ கேட்டுக்கொள்வது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எருமை என்று அப்பா சொன்னார், புது வண்டி என்று அம்மா சொன்னாள், இப்போது இவரும் தன் பங்குக்கு ஒரு பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை, மாடியில் தன்னைச் சொல்லிக்கொண்டது அப்பாவேதான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.